இன்றைய நீர் திறப்பு

காலை ஆறு மணிக்கு
மேட்டூரிலிருந்து மாதேஷ் கூப்பிடுவான்.
வணக்கம் கிடையாது, எண் மட்டும்.
"எட்டாயிரம்."
வைத்துவிடுவான்.

எட்டாயிரம் கன அடி என்றால்
ஆட்டுக்கல் பாறை தலை காட்டும்,
தபால்பெட்டி வாயைத் திறந்துகொண்டிருக்கும்,
வக்கீல் சுழல் அதிகம் வாதாடாது.
பன்னிரண்டாயிரத்தில்
ஆட்டுக்கல்லைக் காணோம்.
காணாத கல்தான் அரைக்கும்.
இருபதைத் தாண்டினால்
படகை எடுக்க மாட்டேன்.
அன்றைக்குத் துணி துவைப்பேன்.

கரையில் ஒரு பிளாஸ்டிக் மேசை,
கூழாங்கல் வைத்த படிவக் கட்டு.
புதியவர், பழகியவர், தேர்ந்தவர்:
கட்டங்கள் மூன்று.
சேலத்திலிருந்து வருகிற ஒருவரும்
முதல் கட்டத்தில் பேனா வைத்ததில்லை.

நான் அதைப் படிப்பதும் இல்லை.
லைஃப் ஜாக்கெட் கொக்கி மாட்டும் விரல்களைப் பார்ப்பேன்.
சொல்லும்போது கேட்கிறவர்கள்,
சொல்லும்போது செல்பி எடுக்கிறவர்கள்,
சொல்லுமுன்பே தலையாட்டுகிறவர்கள்.
இந்தக் கடைசி ஆட்களை
என் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார வைப்பேன்.

போன ஞாயிறு பன்னிரண்டாயிரம்.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்
கஞ்சமலை வந்தார், மூன்று மச்சான்களோடு.
"அறுபதடிக் கிணத்துல
தலைகீழாக் குதிச்சவன்மா நான்."
கிணறு நல்லதுதான், அண்ணே.
விழுந்த இடத்திலேயே உங்களை வைத்திருக்கும்.
அந்தத் தண்ணீருக்கு
வேறெங்கும் போகிற அவசரமில்லை.

ஓமலூர் பதிவாளர் அலுவலக எழுத்தர்
தாட்சாயணி தனியாக வந்தார்.
எந்தக் கட்டத்தையும் தொடாமல்
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்:
தண்ணீர் என்றால் பயம். வந்திருக்கிறேன்.
படிவத்தின் பின்பக்கத்தையும் படித்துவிட்டு
"அஞ்சாவது வரியில 'இயன்றவரை'ன்னு இருக்கே,
யாருக்கு இயன்றவரை?" என்றார்.
ஆறு வருஷத்தில்
அந்த வரியை அப்போதுதான் நானும் படித்தேன்.

"அந்தோணி படகுல போங்க, ஓரமாப் போகும்,
குழந்தைங்க மீன் பார்ப்பாங்க."
"அதுக்குப் பூலாம்பட்டிப் படகே போதுமே" என்று
என் படகின் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

மூன்று விஷயம் சொன்னேன்.
நான் நிறுத்தென்றால் துடுப்பை நிறுத்துங்கள்.
விழுந்தால் நிற்கப் பார்க்காதீர்கள்,
மல்லாந்து, கால் முன்னால்.
படகு பாறையில் மோதினால்
பாறைப் பக்கமே சாயுங்கள்.
மச்சான்கள் சிரித்தார்கள்.
இடிக்க வருகிறதைக் கட்டிக்கொள்ளச் சொன்னால்
யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

தபால்பெட்டி எங்களை விழுங்கித் துப்பியது.
சுழலில் ஒன்றரைச் சுற்று.
பிறகு
வெறும் தண்ணீர் மாதிரி இருந்த ஒரு மேடு
கல்லாயிற்று.
இடப்பக்கம் தூக்கிக்கொண்டது.
"பாறைக்குச் சாய்!"
நான்கு ஆண்களின் உடம்பு
எதிர்ப்பக்கம் ஓடியது, உடம்புக்குத் தெரிந்தது அதுதானே.
ஒரே ஒருத்தி
கண்ணை இறுக மூடிக்கொண்டு
சொன்னபடி
பாறைமேல் போய் விழுந்தாள்.
அவள்மேல் நான்.
அந்த எடை போதுமாயிருந்தது, மயிரிழையில்.

கஞ்சமலை மட்டும் ஆற்றில்.
ஒருமுறை நிற்கப் பார்த்தார்.
அப்புறம் மல்லாந்தார்.
கயிறு வீசினேன், பிடித்தார்.
கரையேறி வெகுநேரம் பேசவில்லை.
பின்பு, "கிணத்துல படிக்கட்டு இருக்கும்" என்றார்,
யாரோ அதை எடுத்துப்போய்விட்டது போல.

தாட்சாயணி முழங்கையில் சிராய்ப்பு.
டெட்டால் வைக்கும்போது கேட்டார்:
"அடுத்த வாரம் எத்தனை கன அடி விடுவாங்க?"
எனக்குத் தெரியாது.
மாதேஷுக்கும் தெரியாது.

நாலு மணிக்கு மேலே குறைத்துவிட்டார்கள்.
ஐந்தரைக்கெல்லாம்
மத்தியானம் எங்களைத் தூக்கியடித்த இடத்தில்
செருப்பில்லாமல் நடந்தேன்.
கணுக்காலளவு தண்ணீர்,
நாரை ஒன்று, வெதுவெதுப்பான கற்கள்.
ஆட்டுக்கல்லின் குழியில்
ஒரு ஷூ, ஒன்பதாம் அளவு, உள்ளே
இரண்டு கெண்டைக் குஞ்சுகள்.
கொட்டிவிட்டு மேசைக்காலில் மாட்டினேன்.
இந்த வருஷத்தில் இது எட்டாவது.
ஏனோ எல்லாமே இடது கால்.